கிரேக்க வேர், ஆங்கிலக் கிளை

மருத்துவப் பரிசோதனை அறிக்கை ஒன்றில் 'ஹைப்பர்கிளைசீமியா' என்று எழுதப்பட்டிருக்கும். வேறொன்றில் 'ஹைப்போகிளைசீமியா' என்றிருக்கும். செவிக்கு இரண்டும் ஒன்று போலவே ஒலிக்கின்றன. பொருளிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை! முன்னது இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும் நிலை. பின்னது குறைந்துவிட்ட நிலை. முன்னதில் இனிப்பு ஆகாது. பின்னதிலோ, நோயாளி நினைவுடன் இருப்பாராயின் உடனே சர்க்கரை கொடுத்தாக வேண்டும். ஒரு முன்னொட்டைப் பிழையாக விளங்கிக்கொண்டால் உயிருக்கே ஊறு நேரலாம்.

இவ்விரு முன்னொட்டுகளும் கிரேக்க மொழிக்குரியவை. 'ஹைப்பர்' என்றால் மேல், மிகை. 'ஹைப்போ' என்றால் கீழ், குறை. 'கிளைசி' என்பது இனிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்தும், 'ஈமியா' என்பது இரத்தத்தைக் குறிக்கும் 'ஹைமா'விலிருந்தும் வந்தவை. இதனை அறிந்தோர்க்கு ஹைப்பர்டென்ஷன் உயர் இரத்த அழுத்தம் என்பதும், ஹைப்போதைராய்டு தைராய்டுச் சுரப்பு குறைந்த நிலை என்பதும் எளிதில் விளங்கிவிடும்.

'ஐட்டிஸ்' என்று முடியும் சொற்களையும் பாருங்கள். இவ்விகுதி அழற்சியைக் குறிப்பது. 'காஸ்டர்' வயிறு, எனவே காஸ்ட்ரைட்டிஸ் இரைப்பை அழற்சி. 'ஆர்த்ரோன்' மூட்டு, ஆகவே ஆர்த்ரைட்டிஸ் மூட்டழற்சி. 'ஹெப்பர்' கல்லீரல், எனவே ஹெப்படைட்டிஸ் கல்லீரல் அழற்சி. ஒரு விகுதியைக் கற்றால் ஒரு குடும்பமே அறிமுகமாகிவிடுகிறது.

அன்றாடச் சொற்களிலும் இதுவே நிலை. 'டெலி' தொலைவு, 'போன்' ஒலி. இரண்டும் கூடினால் டெலிபோன். 'போட்டோ' ஒளி, 'கிராப்' எழுத்து. ஒளியால் எழுதுவதே போட்டோகிராப். 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் மார்பொலி கேட்கும் கருவியைக் கண்டறிந்தபோது, மார்பு, நோக்குதல் என்னும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்தே ஸ்டெதஸ்கோப் என்று பெயரிட்டார்.

இக்கிரேக்கச் செல்வத்தில் ஒரு பகுதி அரபு மொழியின் வழியாகவே ஐரோப்பாவை அடைந்தது என்பது நம் பிள்ளைகள் அறிய வேண்டிய வரலாறு. ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறிஸ்தவ அறிஞர் காலனின் மருத்துவ நூல்களைச் சிரியாக், அரபு மொழிகளில் பெயர்த்தார். தாலமியின் வானியல் நூலை அரபு அறிஞர்கள் 'அல்மஜிஸ்தி' என்றனர். 'மிகப் பெரியது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லுடன் 'அல்' சேர்ந்த பெயர் அது. ஐரோப்பா அதையே 'அல்மகெஸ்ட்' என்று ஏற்றது. நம் இல்லங்களில் வழங்கும் 'யூனானி' என்ற சொல்லுக்கும் கிரேக்கம் சார்ந்தது என்பதே பொருள்.

எனினும், எச்சரிக்கையும் தேவை. 'ஆன்ட்டி' கிரேக்கம், எதிர் என்று பொருள். அதனோடு மயங்கத்தக்க 'ஆன்ட்டே' இலத்தீன். முன் என்று பொருள். குழந்தை மருத்துவரைக் குறிக்கும் 'பீடியாட்ரிஷியன்' கிரேக்க வேரிலும், நடந்து செல்வோரைக் குறிக்கும் 'பெடஸ்ட்ரியன்' பாதத்தைச் சுட்டும் இலத்தீன் வேரிலும் பிறந்தவை. அனீமியா என்பதற்குச் சொல்லளவில் 'இரத்தமின்மை' என்றே பொருள். ஆயினும் அந்நோயாளிக்கு இரத்தமே இல்லை என்பதில்லை. ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது என்பதே கருத்து. வேர் வழிகாட்டும், முடிவான பொருளை அகராதியே உரைக்கும்.

ஆகவே, பெற்றோர்களே! பொருளறியாது சொற்பட்டியலை மனனம் செய்யும்படி பிள்ளைகளை வருத்தாதீர்கள். ஒரு குறிப்பேட்டில் நாளொன்றுக்கு ஒரு வேரை எழுதி, அதிலிருந்து கிளைத்த மூன்று சொற்களை அகராதியில் தேடச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் ஹைப்பர், ஹைப்போ இரண்டையும் அருகருகே எழுதட்டும். பாடத்தில் மட்டுமின்றி, வீட்டுப் பெரியவரின் மருத்துவ அறிக்கையைப் படிக்கும் வேளையிலும் அது கைகொடுக்கும்.