கடல் கடந்து வந்த போதகர் குடும்பம்

காரைக்காலின் வடக்கு எல்லையில் நண்டலாற்றைக் கடந்தால் பொறையாறும் அதையடுத்துத் தரங்கம்பாடியும் வரும். காரைக்காலிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவே உள்ள இந்தத் தரங்கம்பாடியை 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடமிருந்து டேனியரும், தெற்கே நாகப்பட்டினத்தை 1658இல் டச்சுக்காரரும், இரண்டுக்கும் நடுவிலிருந்த காரைக்காலை 1739இல் பிரெஞ்சுக்காரரும் பெற்றனர். ஒவ்வொரு கொடியோடும் ஒரு சமய மரபு வந்தது. ஒவ்வொரு மரபோடும் சமயப் பணியாளர் எப்படி வாழ வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்து வந்தது. காரைக்கால் தூய தேற்றரவு அன்னை ஆலயத்தில் பணியாற்றும் கத்தோலிக்கப் பங்குச் சாமியார் குடும்ப வாழ்வைத் துறந்தவர். தரங்கம்பாடியில் பணியாற்ற வந்த லுத்தரன் சபைப் போதகரோ மணம் செய்துகொண்டு பிள்ளைகளோடு வாழலாம் என்ற மரபினர். அவரை மக்கள் 'ஐயர்' என்றும் அவர் மனைவியை 'ஐயரம்மாள்' என்றும் அழைத்தனர். துறவிக்கு ஓர் அறையும் இரண்டு வேளை உணவும் போதும். குடும்பத்துக்கோ வீடும் மருத்துவமும் பிள்ளைகளின் படிப்பும் வேண்டும். அவற்றுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் கூடவே எழும்.

ஐரோப்பாவின் சீர்திருத்தச் சபைகள் எல்லாமே இந்தக் கேள்விக்கு விடை தேடியவைதாம். 1536இல் கத்தோலிக்கக் குருத்துவத்தை விட்டு விலகிய மென்னோ சைமன்ஸ் என்ற நெதர்லாந்துக்காரரின் வழிவந்த மென்னோனைட் சபையினர், வயது வந்தோருக்கு மட்டுமே திருமுழுக்குக் கொடுப்பவர்கள், ஆயுதம் ஏந்தாதவர்கள், நீதிமன்றத்திலும் சத்தியம் செய்ய மறுப்பவர்கள். இந்தக் கொள்கைகளுக்காகவே நாடுவிட்டு நாடு துரத்தப்பட்டு, ருஷியப் பேரரசின் தென்புல வெளிகளுக்கும் பின்னர் வட அமெரிக்காவுக்கும் குடும்பம் குடும்பமாகக் குடிபெயர்ந்தார்கள். அவர்களுடைய போதகர் பெரும்பாலும் சபையாரே தம்முள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து நியமித்தவராக இருந்தார். ஞாயிறன்று பிரசங்கம் செய்துவிட்டு மற்ற நாள்களில் ஏர் பிடித்துத் தம் குடும்பத்தைக் காத்தார். ருஷியாவிலிருந்த அத்தகைய சபை ஒன்றைச் சேர்ந்த ஆபிரகாம் பிரீசனும் அவர் மனைவி மரியாவும் 1889இல் இந்தியா வந்து, ஹைதராபாத் சமஸ்தானத்தின் நல்கொண்டாவில் தெலுங்கு மக்களிடையே பணியைத் தொடங்கினர். தமிழ்க் கரையில் இதே வாழ்க்கையின் இன்பதுன்பங்களை, அவர்களுக்கு ஏறத்தாழ 180 ஆண்டுகள் முன்பே, ஒரு லுத்தரன் போதகர் குடும்பம் பட்டறிந்திருந்தது.

பர்த்தலோமேயு சீகன்பால்கு ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்நிட்ஸ் ஊரில் 1682இல் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, ஹாலே நகரில் அகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயிடம் பயின்றவர். பிராங்கே நடத்திய அனாதை இல்லமும் பள்ளிகளும் லுத்தரன் சபைக்குள் எழுந்த 'பயட்டிசம்' என்னும் பக்தி இயக்கத்தின் தலைமையிடமாக விளங்கின. சடங்கைவிட மனமாற்றமும் பிறர் துயர் துடைத்தலும் முக்கியம் என்பது அந்த இயக்கத்தின் கொள்கை. டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் தம் செலவில் அனுப்பிவைக்க, ஹென்ரிக் புளூட்சாவ் என்ற தோழரோடு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி வந்தடைந்தபோது சீகன்பால்குக்கு வயது 24 கூட நிரம்பியிருக்கவில்லை; மணமும் ஆகவில்லை. டேனிய வணிகக் கும்பினியின் அதிகாரிகள் இருவரையும் வரவேற்கவில்லை. வணிகத்துக்கு இடையூறு என்றே அவர்களைக் கருதினர்.

துறைமுக வசதி இல்லாத கரை அது. கப்பல் தொலைவில் நங்கூரமிட, ஆளும் பொருளும் படகில் அலையைத் தாண்டியே கரை சேர வேண்டும். இப்படி இறக்கும்போதுதான், 1708இல் ஐரோப்பாவிலிருந்து மிஷனுக்காக அனுப்பப்பட்ட பணம் கடலில் மூழ்கியது. அதே ஆண்டின் இறுதியில் கோட்டைத் தளபதி ஹாசியுஸ் சீகன்பால்குவை டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார். ஓர் ஏழை விதவையின் வழக்கில் அவர் பரிந்து பேசியது அந்தப் பகைக்கு ஒரு காரணம். நான்கு மாதம் சிறையிருந்த பிறகே விடுதலை கிடைத்தது. இவ்வளவுக்கும் இடையில் அவர் சிறுவர்களோடு மணலில் அமர்ந்து தமிழ் எழுத்துகளைக் கற்று, கும்பினியின் துபாஷி அழகப்பனிடம் பேச்சுத் தமிழைப் பழகி, நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, அவற்றுக்கு 1708லேயே விளக்கப் பட்டியல் எழுதி முடித்தார். அழகப்பனோ மிஷனரிகளுக்கு உதவியதற்காகப் பின்னர் தரங்கம்பாடியை விட்டே வெளியேற்றப்பட்டார். சீகன்பால்குவின் தமிழ்ப்பணி என்று இன்று பாராட்டப்படுவதில் அந்த மனிதர் கொடுத்த விலையும் அடக்கம் என்பதைச் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

தரங்கம்பாடியில் மிஷன் நடத்திய அச்சகத்தின் கதை பலமுறை சொல்லப்பட்டதுதான் என்றாலும், அதில் ஒரு சிறு செய்தி அந்தக் குடியிருப்பின் அன்றாட வாழ்வைக் கண்முன் நிறுத்துகிறது. ஹாலேயில் வார்க்கப்பட்டு வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் போதாது. சிறிய எழுத்து வார்க்கத் தரங்கம்பாடியில் ஈயம் கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் மிஷனரிகளுக்கு அனுப்பியிருந்த பாலாடைக்கட்டிகள் ஈயத் தகட்டு உறைகளில் வந்திருந்தன. அச்சுத் தொழில் தெரிந்த ஆட்லர் அந்த உறைகளை உருக்கியே புதிய எழுத்துகளை வார்த்தார் என்றும், அவற்றைக் கொண்டே புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது என்றும் மிஷன் வரலாறு கூறுகிறது. அச்சகத்துக்குத் துணையாகப் பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் நிறுவப்பட்டது.

1714 அக்டோபரில் சீகன்பால்கு, மலையப்பன் என்ற தமிழ் இளைஞரை உடன் அழைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். 1716இல் ஹாலேயில் அச்சான அவருடைய தமிழ் இலக்கண நூல் இந்தப் பயணத்தின்போது மலையப்பனின் உதவியோடு எழுதப்பட்டது. ஐரோப்பாவில் தங்கியிருந்த காலத்தில் மரியா டோரதேயா சால்ஸ்மான் என்ற பெண்ணை மணந்து, லண்டன் வழியாக மனைவியுடன் 1716 ஆகஸ்டில் சென்னையில் வந்திறங்கினார். அவருடைய உடன்பணியாளர் குருண்ட்லரும் தரங்கம்பாடியிலேயே வாழ்ந்த ஒரு விதவையை மணந்துகொண்டார். பத்து ஆண்டுகளாக ஆண்களின் தங்குமிடமாக இருந்த மிஷன் வளாகத்துக்கு அதன் பின்னரே குடும்பங்களின் முகம் வந்தது. மரியா டோரதேயாவின் வாழ்க்கை அவர் கணவருடைய வாழ்க்கையைப் போல ஏடுகளில் விரிவாகப் பதியப்படவில்லை. மொழி தெரியாத ஊரில், தாயும் உறவும் அருகில் இல்லாமல், எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவே ஓராண்டுக்கு மேல் ஆகிவிடும் தொலைவில், பிள்ளை பெற்று வளர்த்துக்கொண்டே வயிற்று நோயால் மெலிந்துவந்த கணவரையும் கவனித்துக்கொண்டவர் அவர். மிஷன் வரலாறு எழுதியவர்கள் அவருக்கு இரண்டொரு வரிகளே ஒதுக்கியது பெருங்குறை.

அந்தக் குடும்பத்தைக் குலைத்த அடி கோபன்ஹேகனிலிருந்து வந்தது. மிஷன் பணியை மேற்பார்வையிட அங்கே அமைக்கப்பட்டிருந்த கழகத்தின் செயலர் கிறிஸ்டியன் வென்ட், போதகர்கள் கட்டடம் எழுப்புவதையும் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுத்துச் செலவு செய்வதையும் கடுமையாகக் கண்டித்தார். பழைய அப்போஸ்தலர்கள் கையில் காசின்றி ஊர் ஊராகச் சென்றதைப் போலவே இவர்களும் செல்ல வேண்டும், உபதேசத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. சீகன்பால்கு இதற்கு நேர்மாறான கருத்துடையவர். உடலை மறந்து ஆன்மாவுக்கு மட்டும் பணி செய்ய முடியாது என்று அவர் உறுதியாக நம்பினார். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களை உறவினர் வீட்டைவிட்டே விலக்கிவைத்த சூழலில், அவர்களுக்குக் கூரையும் கஞ்சியும் கொடுக்காத உபதேசம் வெறும் சொல்லாகவே நின்றிருக்கும். அந்த ஊரின் நிலவரத்தை நேரில் அறிந்தவரின் வாதம் என்பதால் சீகன்பால்குவின் பக்கமே நியாயம் மிகுதி. வென்ட்டோ தரங்கம்பாடி மண்ணை மிதித்தவரல்லர். இந்த மோதலுக்கு இடையே, சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபர் 11 அன்று திறக்கப்பட்டது. அதன் பிறகு சீகன்பால்கு உடல்நிலை மோசமாகி, 1719 பிப்ரவரி 23 அன்று 36ஆம் வயதில் இறந்து, அதே ஆலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் குருண்ட்லரும் இறந்தார். கைம்பெண்ணான மரியா டோரதேயா ஐரோப்பாவுக்குத் திரும்பினார். மகன்களில் ஒருவர் பிற்காலத்தில் கோபன்ஹேகனில் கணிதப் பேராசிரியரானார்.

இதற்கு நாற்பதாண்டுகள் கழித்து, போதகர் குடும்பத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அதே கரையில் மற்றொரு விடை முயன்று பார்க்கப்பட்டது. மொரேவியச் சகோதரர்கள் என்போர் பொஹீமியாவின் பழைய சீர்திருத்த மரபிலிருந்து வந்து, துன்புறுத்தலுக்குத் தப்பிக் குடிபெயர்ந்து, 1722இல் சின்சென்டோர்ப் பிரபுவின் நிலத்தில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரை அமைத்தவர்கள். மென்னோனைட்டுகளைப் போலவே உழைத்து உண்பதைச் சமய வாழ்வின் ஓர் அங்கமாகக் கொண்ட இவர்கள், நிக்கோபார் தீவுகளில் குடியேற்றம் அமைக்க விரும்பிய டேனிய அரசின் இசைவோடு 1760இல் தரங்கம்பாடி வந்து, ஊருக்கு வெளியே 'சகோதரர் தோட்டம்' என்ற குடியிருப்பை உருவாக்கினர். தச்சரும் தையற்காரரும் செம்மாரும் தோட்டக்காரருமாக உழைத்த இவர்கள் தம் கைத்தொழில் வருவாயைப் பொதுவில் சேர்த்து வாழ்ந்தனர். யாரிடமும் சம்பளம் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்ற வகையில் இது மேலான வழி. ஆனால் நிக்கோபாரின் காய்ச்சல் அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது. அங்கே சென்றவர்களில் பலர் தீவிலும், மேலும் பலர் தரங்கம்பாடிக்குத் திரும்பிய பிறகும் உயிரிழக்க, 1787இல் தீவுப் பணியும், பின்னர் 1803இல் தோட்டமும் கைவிடப்பட்டன. உள்ளூர் லுத்தரன் போதகர்கள் இவர்களைப் போட்டியாளராகவே பார்த்ததும் இவர்கள் வேரூன்றாமல் போனதற்கு ஒரு காரணம்.

லுத்தரன் போதகர்களிடையே வேறொரு வழி கண்டவரும் உண்டு. தரங்கம்பாடிக்கு 1771இல் வந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் ஐயர் தம் வீட்டையே பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியாக்கினார். ஐரோப்பியர் வீட்டுப் பிள்ளைகள் கட்டணம் செலுத்தி அங்கே தங்கிப் படித்தனர். முதுமையில் பார்வை மங்கிய நிலையிலும், சாதி வேறுபாடின்றிக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் வேண்டும் என்று வாதாடியவர் அவர். இடைப்பட்ட நேரத்தில் கடற்கரையில் கிடைத்த சங்கு, மீன், செடி ஆகியவற்றைப் பதப்படுத்தி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பிவந்தார். பெர்லினில் இருந்த மீன் ஆய்வாளர் பிளாக் 1793இல் ஒரு மீன் பேரினத்துக்கு ஜானின் பெயராலேயே 'ஜானியுஸ்' என்று பெயரிட்டார். காரைக்கால் மீன் சந்தையில் கத்தாளை என்று கூவி விற்கப்படும் மீன்களுள் சில இந்தப் பேரினத்தைச் சேர்ந்தவை.

குடும்பமே வேண்டாம் என்று தீர்மானித்தவரும் இவர்களிடையே இருந்தார். 1750இல் தரங்கம்பாடி வந்து பின்னர் திருச்சி, தஞ்சாவூர் என்று பணியாற்றிய ஸ்வார்ட்ஸ் ஐயர் இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை. எனினும் தஞ்சை மன்னர் துளஜா தம் தத்துப்பிள்ளை சரபோஜியைக் காக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார்.

இத்தனை விவாதங்களிலும் குறைவாகவே பேசப்பட்ட ஒரு குடும்பம் தமிழ்ப் போதகரின் குடும்பம். கடலூரில் பிறந்து, சீகன்பால்குவிடம் 1718இல் திருமுழுக்குப் பெற்ற ஆரோன், 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருவாக அபிஷேகம் செய்யப்பட்டார். இந்தியாவில் லுத்தரன் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1745இல் இறக்கும்வரை மாயவரம் வட்டாரத்துக் கிராமங்களில் நடந்தே ஊழியம் செய்த அவருக்கு, கடல் கடந்து வந்தவர்களுக்கு அளிக்கப்பட்டதைவிட மிகக் குறைந்த ஊதியமே வழங்கப்பட்டது. உள்ளூர்க்காரருக்குச் செலவு குறைவு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பிறந்த சாதியையும் சொத்தையும் உறவையும் துறந்து வந்தவரின் வீட்டில் அந்தக் குறைந்த ஊதியம் எதற்கெல்லாம் ஈடுகொடுக்க வேண்டியிருந்தது என்பதைக் கோபன்ஹேகனும் ஹாலேயும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சபையின் வழிவந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919இல் தன்னாட்சி பெற்றது. ஆயினும் அதன் முதல் பேராயராக ஒரு சுவீடன் நாட்டவரே 1921இல் பொறுப்பேற்றார். தரங்கம்பாடிப் பேராயர் என்ற பதவியில் தமிழர் ஒருவர் அமர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.