கரியிழையும் நீர்த்துளியும்

பூதிகோட்டைக்கு அருகிலுள்ள கோலார் தங்கவயலுக்கு 1902-ஆம் ஆண்டில் மின்சாரம் வந்தது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியாகி, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பிவழியே பயணம் செய்து அது சுரங்கங்களை அடைந்தது. வேண்டிய இடத்திலேயே மின்சாரத்தை ஆக்கித் தரும் எரிபொருள் மின்கலத்தின் மூலவடிவை வில்லியம் குரோவ் 1839-இலேயே செய்து காட்டியிருந்தார். அது ஆய்வுக்கூடத்தை விட்டு வெளிவரத்தான் நெடுங்காலம் ஆயிற்று. 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியிலிருந்து பிரதமர் தொடங்கிவைத்த, கொச்சி கப்பல் கட்டும் தளம் உருவாக்கிய பயணிகள் படகு இத்தகைய கலத்தால் இயங்குவதே.

கலத்தின் ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் காற்றும் செலுத்தப்படுகின்றன. மின்சாரமும் வெப்பமும் நீரும் விளைகின்றன. புகை இல்லை, ஆனால் அந்த நீரே கலத்துக்குப் பகையாகிவிடுவதும் உண்டு.

வாயு பரவவும் மின்சாரம் கடக்கவும் கலத்தினுள் கார்பன் இழைத்தாள் ஒன்று வைக்கப்படுகிறது. ஓரிழையின் தடிமன் சுமார் 7 மைக்ரான். தலைமுடியில் பத்திலொரு பங்கு எனலாம். இழைகளுக்கிடையேயுள்ள துளைகளில் நீர் தேங்கினால் காற்று உள்ளே செல்லாது. அப்பகுதியிலுள்ள விலையுயர்ந்த பிளாட்டினம், வட்டி ஈட்டாமல் முடங்கிக் கிடக்கும் முதலைப் போலப் பயனற்றுப் போகும், மின்னழுத்தமும் சரியும்.

ஆகவே தாளை டெஃப்லான் கரைசலில் தோய்த்து, சுமார் 350 பாகை செல்சியஸில் சூடேற்றுகின்றனர். ஒட்டாத தோசைக்கல்லில் பூசப்படும் அதே பொருள்தான். உருகிப் படிந்ததும், தாமரை இலைமேல் போல நீர் உருண்டோடும். அளவு மிஞ்சினால் கேடு: டெஃப்லான் மின்சாரத்தைக் கடத்தாது, துளைகளையும் அடைத்துவிடும்.

கழிவுநீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் நுண்ணுயிர் மின்கலத்திலோ இதற்கு நேர்மாறான தேவை. அங்கே இழைமேல் நீர் படிய வேண்டும். நுண்ணுயிரிகள் ஒட்டிக் குடியேற வேண்டும். அதற்காக இழையை அமிலத்தில் ஊறவைத்தோ, அம்மோனியா வாயுவில் சூடாக்கியோ, அதன் மேற்பரப்பில் ஆக்சிஜன், நைட்ரஜன் அணுக்களைப் பிணைக்கின்றனர். அமிலம் மிகுந்தால் இழை அரிக்கப்பட்டு வலுவிழக்கும்.

காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்திலும், சென்னையிலுள்ள எரிபொருள் மின்கலத் தொழில்நுட்ப மையத்திலும் இக்கலங்கள் குறித்த ஆய்வுகள் நடைபெறுகின்றன. பூச்சு பலித்ததா என்று பார்க்கும் முதற்சோதனை மிக எளிது. தாளின்மீது ஒரு துளி நீரை வைத்து, அது தாளைத் தொடும் கோணத்தை அளக்கின்றனர். 90 பாகைக்கு மேலிருந்தால் தாள் நீரை விலக்குகிறது, குறைந்தால் ஏற்கிறது.