கடல் தாண்டி வந்த உதவி: சீதாவாக்கையும் மரைக்கார்மாரும்

சீதாவாக்கை இராச்சியம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், பின் வாங்கிலிருந்து ஒரு மாணவி எழும்பினாள். "சேர், நம்மட ஆக்கள் கள்ளிக்கோட்டையில இருந்து கப்பலோட வந்து மாயாதுன்னைக்கு உதவி செஞ்சாங்க எண்டு சொன்னீங்க. பிறகு அவங்களுக்கு என்ன நடந்த?"

மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. "அது பெரிய கதை மகள், நாளைக்குச் சொல்றன்" என்று தப்பித்துக்கொண்டேன். விடை எனக்குத் தெரியாமல் இல்லை. அதை அரைகுறையாகச் சொன்னால் பிள்ளைகள் மனதில் என்ன தங்கும் என்ற பயம்தான். அன்றிரவு உட்கார்ந்து எழுதிய குறிப்புகளே இக்கட்டுரை.

முதலில் பின்னணி. போர்த்துக்கேயர் 1518 இல் கொழும்பில் ஒரு கோட்டை கட்டினார்கள். 1524 இல் அதைக் கலைத்தாலும் அவர்களுடைய வணிகப் பிரதிநிதி கோட்டே அரசனின் பாதுகாப்பில் தங்கிவிட்டான். இடையில் 1521 இல் விஜயபாகுவின் மூன்று புதல்வர்களும் தந்தையைக் கொல்வித்து நாட்டைப் பங்கிட்டுக்கொண்டனர். மூத்தவன் புவனேகபாகுவுக்குக் கோட்டே, றைகம் பண்டாரவுக்கு றைகம, இளையவன் மாயாதுன்னைக்குச் சீதாவாக்கை. இன்றைய அவிசாவளைதான் அன்றைய சீதாவாக்கை.

புவனேகபாகு போர்த்துக்கேயரைத் துணைக்கு வைத்துக்கொண்டான். மாயாதுன்னை அவர்களை எதிர்த்தான். 1526 இல் போர்த்துக்கேயரின் வற்புறுத்தலால் கோட்டே அரசன் முஸ்லிம்களை வெளியேற்றக் கட்டளையிட்டபோது, அவர்களுக்கு இடம் கொடுத்தது சீதாவாக்கை. இதில் அன்பும் இருந்திருக்கலாம், கணக்கும் இருந்திருக்கலாம். கறுவா, பாக்கு வியாபாரத்தை அறிந்தவர்கள், மலபாரில் உறவும் தொடர்பும் உள்ளவர்கள் தன் பக்கம் வருவது எந்த அரசனுக்கும் இலாபமே.

போர்த்துக்கேயரிடம் கப்பலும் பீரங்கியும் இருந்தன. மாயாதுன்னையிடம் கடற்படை இல்லை. கொழும்புக்குக் கடல் வழியே உதவி வருவதைத் தடுக்காமல் கோட்டேயை வெல்ல முடியாது. ஆகவே அவன் கள்ளிக்கோட்டைச் சாமூதிரியிடம் தூது அனுப்பினான்.

சாமூதிரி இந்து அரசர். அவருடைய கடற்படையை நடத்தியவர்கள் முஸ்லிம் மரைக்கார்மார். குஞ்ஞாலி என்பது அவர்களின் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தரித்த பட்டம். சீதாவாக்கைக்குப் படை அனுப்ப இவர்களுக்கு என்ன தேவை? 'கார்த்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் ஓடும் கப்பல்களைப் போர்த்துக்கேயர் பிடித்தார்கள். நூற்றாண்டுகளாகத் திறந்து கிடந்த கடலில், வாப்பாவும் அப்பாவும் போய்வந்த பாதையில், அந்நியனிடம் சீட்டு வாங்கிப் போகவேண்டிய நிலை. இலங்கைக் கரையும் அவர்கள் கைக்குப் போனால் மலபார் வியாபாரிகளுக்கு மூச்சு விட இடமிராது. ஆகவே மாயாதுன்னைக்குச் செய்த உதவி, ஒருவகையில் தங்களுக்கே செய்துகொண்ட உதவி.

1536 அளவில் அலி இப்ராஹிம் மரைக்கார் தலைமையில் உதவிப் படை வந்தது. கோட்டே முற்றுகைக்குள்ளானது. போர்த்துக்கேயக் கப்பல்கள் வரவே மாயாதுன்னை சமாதானம் பேசினான், மலபார்ப் படை திரும்பிப் போனது.

இரண்டாவது முயற்சி பெரிது. நாற்பதுக்கும் மேற்பட்ட கலங்கள், பீரங்கிகள், ஆயிரக்கணக்கான வீரர்கள். துடுப்பும் பாயும் கொண்ட இலேசான கலங்கள் அவை. ஆழமற்ற நீரில் பெரிய கப்பல்கள் அவற்றைத் துரத்த முடியாது. அதுவே அவர்களின் பலம். ஆனால் இலங்கைக்கு வரும் வழியில் இராமநாதபுரக் கரையில், மண்டபத்துக்கு அருகேயுள்ள வேதாளையில் அவர்கள் கரையிறங்கித் தங்கியிருந்தார்கள். 1538 இன் தொடக்கத்தில் மார்த்திம் அபோன்சோ டி சூசா அங்கே அவர்களைத் தாக்கினான். கடலில் பிடிக்க முடியாதவர்களைக் கரையில் பிடித்துவிட்டான். கப்பல்களும் பீரங்கிகளும் பறிபோயின. ஓர் அணியின் பலம் எதுவோ அதை அது விட்டு நிற்கும் நேரத்தில் அடிப்பது என்ற பழைய யுத்த பாடம்தான் இது.

அத்தோடு மரைக்கார்மார் விட்டுவிடவில்லை. அடுத்த வருடமே இன்னொரு சிறிய அணி இலங்கைக்கு வந்தது. இம்முறை மிகேல் பெரைரா கோட்டேக்குத் துணையாகப் படையோடு இறங்கினான். மலபாரிகள் தங்கள் கலங்களை இழந்து மாயாதுன்னையிடம் போய்ச் சேர்ந்தார்கள். மாயாதுன்னை தோல்வியின் விளிம்பில் நின்றான். சமாதானத்துக்குப் போர்த்துக்கேயர் கேட்ட விலை, தன்னிடம் வந்திருந்த மரைக்கார்த் தலைவர்கள். மாயாதுன்னை முதலில் மறுத்தான், பிறகு இணங்கினான். பச்சி மரைக்கார், குஞ்ஞாலி மரைக்கார் ஆகியோரின் தலைகள் போர்த்துக்கேயரிடம் போய்ச் சேர்ந்தன.

இது எதிரி கட்டிய கதையாக இருக்கலாமே என்று நானும் ஒரு காலம் நினைத்தேன். ஆனால் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்கள் மட்டுமல்ல, மலபாரின் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் அரபியில் எழுதிய 'துஹ்பத்துல் முஜாஹிதீன்' நூலும், மரைக்கார் சகோதரர்கள் இலங்கை அரசனால் வஞ்சகமாகக் கொல்லப்பட்டதைச் சொல்கிறது. இரு பகைவர் பக்கமும் ஒரே செய்தியைச் சொல்லும்போது அதைத் தட்டிவிட முடியாது.

இங்கேதான் நான் பயந்த இடம். "சிங்கள ராஜா முஸ்லிம்களைக் காட்டிக் கொடுத்தான்" என்று இதை ஒரு வரியில் முடித்துவிடலாம். அப்படி முடித்தால் வரலாறு கெட்டுப்போகும். அதே காலத்தின் மற்றச் சம்பவங்களைப் பாருங்கள்.

கோட்டேயின் புவனேகபாகு தன் துணைவர்களை ஒருபோதும் கைவிடவில்லை. 1551 இல் களனியில் வைத்து ஒரு போர்த்துக்கேயத் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தான். தவறுதலாகப் பட்டது என்றார்கள். அவனுடைய பேரன் தர்மபாலன் 1557 இல் ஞானஸ்நானம் பெற்று, 1580 இல் இராச்சியத்தையே போர்த்துக்கல் அரசனுக்கு எழுதிக் கொடுத்தான். உதவிக்கு வந்தவர்கள் உரிமையாளராகிப் போனார்கள்.

சாமூதிரியும் 1540 இல் போர்த்துக்கேயருடன் சமாதானம் செய்துகொண்டார். அத்துடன் சீதாவாக்கைக்கு மலபார் உதவி நின்றது. 1600 இல் இன்னொரு சாமூதிரி போர்த்துக்கேயருடன் சேர்ந்து தன் சொந்தக் கடற்படைத் தலைவரான நான்காவது குஞ்ஞாலியின் கோட்டையை முற்றுகையிட்டார். சரணடைந்த குஞ்ஞாலி கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஆக, மரைக்கார்மாரைக் கைவிட்டவர் பட்டியலில் அவர்களின் சொந்த அரசரும் இருக்கிறார்.

பிறகு கண்டியின் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரை விரட்ட 1638 இல் ஒல்லாந்தரைச் சேர்த்துக்கொண்டான். போர்த்துக்கேயர் போனார்கள், ஒல்லாந்தர் இருந்துவிட்டார்கள். "இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கினது போல" என்ற சிங்களப் பழமொழியை நம்மவர்களும் இதற்குச் சொல்வதுண்டு.

இவற்றிலிருந்து எனக்கு விளங்குவது இதுதான். உதவிக்கு வருகிறவனுக்கும் உதவி கேட்கிறவனுக்கும் எதிரி ஒருவனாக இருக்கலாம். தேவை ஒன்றாக இருப்பதில்லை. மாயாதுன்னைக்கு வேண்டியது கோட்டேச் சிம்மாசனம், மரைக்கார்மாருக்கு வேண்டியது திறந்த கடல். போர் வெல்லும் வரை இரண்டும் சேர்ந்து போகும். தோற்கத் தொடங்கும்போதுதான் பிரியும். அந்த நேரத்தில் அதிக ஆபத்தில் நிற்பவன், திரும்பிப் போகக் கப்பல் இல்லாமல் பிறர் மண்ணில் நிற்பவன்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1626 இல் போர்த்துக்கேயர் தங்கள் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, கண்டி அரசன் செனரத் அவர்களை ஏற்று, நாலாயிரம் பேர் வரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். அதுவும் ஒரு சிங்கள அரசன் செய்ததுதான். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க நமக்கு உரிமை இல்லை.

மறுநாள் வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் கேட்டார்கள். அதே மாணவி மீண்டும் எழும்பினாள். "அப்ப, அவங்க உதவிக்கு வந்தது பிழையா சேர்?"

"பிழையில்ல மகள். சீதாவாக்கை அந்த வருஷங்கள்ல அழிஞ்சு போகாம நிண்டதுக்கு அவங்களும் ஒரு காரணம். அதே சீதாவாக்கைதான் பிறகு 1587 இல கொழும்பையே முற்றுகை போட்டது. ஆனா அந்தக் கடனை அது அவங்களுக்குத் திருப்பிக் குடுக்கல்ல. இந்த ரெண்டையும் சேத்துத்தான் எழுதணும்."

முன் வாங்கிலிருந்த ஒரு பையன் மெல்லச் சொன்னான்: "சேர், எங்கட வாப்பாட பேர்லயும் மரைக்கார் எண்டு வரும்." வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, வாப்பாவிடம் அந்தப் பெயரின் கதையைக் கேட்டு எழுதிவரச் சொன்னேன்.