ஹைடாடிட் நீர்க்கட்டி: ஒரு நாடாப்புழு, பல மரபணு வகைகள்

ஸ்கேன் அறிக்கையில் ‘ஹைடாடிட் நீர்க்கட்டி’ என்று எழுதப்பட்டிருந்தால், இது புற்றுநோயா என்னும் ஐயமே நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் முதலில் எழுகிறது. இது புற்றுநோய் அன்று. எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்னும் நாடாப்புழுவின் இளம்பருவம் உடலுக்குள் உருவாக்கும் நீர் நிறைந்த பை இது. சுமார் 70 விழுக்காட்டினருக்குக் கல்லீரலிலும், 20 விழுக்காட்டினருக்கு நுரையீரலிலும் காணப்படுகிறது. மெல்ல வளர்வதால், பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இன்றி இருக்கலாம்.

நோய் பரவும் விதம்

முதிர்ந்த புழு நாயின் சிறுகுடலில் வாழ்கிறது. அதன் நீளம் சில மில்லிமீட்டர் மட்டுமே. முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறி மண், புல், நீர், நாயின் உரோமம் ஆகியவற்றில் ஒட்டியிருக்கும். அவற்றை விழுங்கும் ஆடு, மாடு, எருமை, பன்றி ஆகியவற்றின் உள்ளுறுப்புகளில் கட்டி உருவாகிறது. அந்த உறுப்பைப் பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் மீண்டும் புழு வளர்கிறது.

மனிதர் இச்சுழற்சியில் தற்செயலாகச் சிக்குபவரே. முட்டை கையிலோ, கழுவாத கீரையிலோ, நீரிலோ இருந்து வாய்க்குள் சென்றால்தான் நோய் வரும். நோயாளியைத் தொடுவதாலோ, அவருடன் உண்பதாலோ பரவாது. ஆட்டிறைச்சி உண்பதாலும் இது வருவதில்லை.

இந்தியாவில் இந்நோய் மிகுதியாகப் பதிவான மாநிலங்களாக ஆந்திரப் பிரதேசமும் தமிழ்நாடும் மருத்துவ நூல்களில் குறிப்பிடப்படுகின்றன. தாமிரபரணிப் பாசனப் பகுதியில், அறுவடை முடிந்த வயல்களில் உரத்திற்காக ஆட்டுக் கிடை அமர்த்துவது பழைய வழக்கம். கிடையோடு காவல் நாய்களும் செல்கின்றன. இறந்த ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் அந்த நாய்களுக்கு வீசினால், புழுவின் சுழற்சி அங்கேயே நிறைவடைந்துவிடும்.

மரபணு வகைகள்

வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும், இப்புழுக்கள் மரபணுவில் வேறுபடுகின்றன. அவை ஜி1 முதல் ஜி10 வரை எண்ணிடப்பட்டன. பிற்கால ஆய்வுகளில் சில எண்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. ஜி1 பெரும்பாலும் செம்மறி ஆட்டையும், ஜி3 எருமையையும், ஜி5 மாட்டையும், ஜி6 ஒட்டகத்தையும் சார்ந்தவை. உலக அளவில் வகை கண்டறியப்பட்ட நோயாளிகளில் சுமார் 88 விழுக்காட்டினரிடம் ஜி1, ஜி3 அடங்கிய குழுவே காணப்பட்டது. மேற்கு இந்தியக் கால்நடைகளில் ஜி1, ஜி3 ஆகியவற்றோடு ஜி5 வகையும் கண்டறியப்பட்டுள்ளது. வட இந்திய நோயாளிகளிடம் ஜி3 வகை மிகுதியாக இருந்தது.

இந்த வேறுபாடு இரண்டு வகைகளில் முக்கியமானது. முதலாவதாக, ஆட்டைச் சார்ந்த வகை மாட்டின் உடலில் புகுந்தால், உருவாகும் கட்டி பெரும்பாலும் நாய்க்கு நோய் தராத மலட்டுக் கட்டியாக இருக்கும். ஆனால் ஜி5 வகை மாட்டிலேயே முழு வீரியத்துடன் வளரும். எனவே ‘இது மாட்டு ஈரல்தானே’ என்று நாய்க்குப் போடுவதும் பாதுகாப்பன்று. இரண்டாவதாக, நாயின் குடலில் ஜி1 புழு முட்டையிட ஏறத்தாழ 45 நாட்கள் ஆகும். ஜி5 புழுவுக்கு 35 நாட்களே போதும். நாய்க்குக் குடற்புழு மருந்து தரும் இடைவெளியை இது பாதிக்கிறது.

சிகிச்சை

‘எனக்கு இருப்பது எந்த வகை?’ என்று நீங்கள் கேட்கலாம். அதற்கான பரிசோதனை உங்கள் சிகிச்சைக்குத் தேவையில்லை. கட்டியின் அளவு, இருக்கும் இடம், ஸ்கேனில் தெரியும் நிலை ஆகியவற்றைக் கொண்டே சிகிச்சை முடிவு செய்யப்படுகிறது.

• சிறிய, உட்பிரிவு இல்லாத கட்டிக்கு ஆல்பெண்டசோல் மாத்திரை மாதக்கணக்கில் தரப்படும். பள்ளிகளில் தரப்படும் ஒரு வேளை குடற்புழு மாத்திரை இதற்குப் போதாது.
• மாத்திரையைக் கொழுப்புச் சத்துள்ள உணவுடன் உட்கொள்ளுங்கள். கல்லீரல், இரத்த அணுப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். கர்ப்பமாக இருந்தாலோ, கருத்தரிக்கத் திட்டமிட்டிருந்தாலோ முன்னரே தெரிவியுங்கள்.
• சில கட்டிகளுக்கு ஊசிவழி நீர் அகற்றும் முறையோ அறுவை சிகிச்சையோ தேவைப்படும். செயலிழந்து சுண்ணாம்பு படிந்த கட்டியைக் கண்காணித்து வந்தாலே போதுமானது.
• வயிற்றைப் பிசைந்து உருவுதல், கட்டியில் ஊசி குத்துதல் ஆகியவற்றுக்கு ஒருபோதும் உடன்படாதீர்கள். நீர் கசிந்தால் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை ஏற்படலாம். புதிய கட்டிகளும் தோன்றலாம்.

வயிற்றிலோ மார்பிலோ அடிபட்டபின் உடல் முழுவதும் அரிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் ஏற்பட்டாலோ, இருமும்போது உப்புச் சுவையுள்ள நீர் வெளிவந்தாலோ உடனே 108 எண்ணை அழையுங்கள். சிகிச்சை முடிந்த பின்னும் பல ஆண்டுகள் ஸ்கேன் பரிசோதனை தொடர வேண்டும்.

தடுப்பு

புழு எந்த மரபணு வகையைச் சேர்ந்ததாயினும், நாயின் வழியாகவே அது மனிதரை அடைகிறது. ஆகவே கீழ்க்காண்பவற்றைக் கடைப்பிடியுங்கள்.

• பச்சை ஈரல், நுரையீரல் ஆகியவற்றை நாய்களுக்குத் தராதீர்கள். கட்டியுள்ள உறுப்புகளை எரியுங்கள், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள்.
• வளர்ப்பு நாய்க்கும் கிடை நாய்க்கும் கால்நடை மருத்துவர் கூறும் இடைவெளியில் பிரசிகுவான்டல் மருந்து கொடுங்கள்.
• நாயைத் தொட்ட பின்பும் உண்பதற்கு முன்பும் சோப்பால் கை கழுவுங்கள். குழந்தைகளின் முகத்தை நாய் நக்க விடாதீர்கள்.
• கீரை, காய்கறிகளை நன்கு கழுவுங்கள். குடிநீரைக் கொதிக்க வையுங்கள்; கொதிநிலை வெப்பத்தில் முட்டைகள் அழிந்துவிடும்.

உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு இக்கட்டி கண்டறியப்பட்டிருந்தால், மற்றவர்களும் அதே நாயோடும் மண்ணோடும் பழகியவர்களாக இருக்கலாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் இதைத் தெரிவித்து, தேவையெனில் அவர்களுக்கும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.