அண்ணனுக்கும் சோறு போட்ட தங்கை!

காலை நேரம். பஸ்சுக்காகக் கூட்டம் காத்து நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண். பெயர் கவிதா. ஆபீசுக்குப் புறப்பட்டு விட்டாள். அவள் சம்பளம் வராவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது!

1974-ம் ஆண்டு வெளிவந்த "அவள் ஒரு தொடர்கதை" படத்தின் கதாநாயகி இவள். டைரக்டர் கே.பாலசந்தர். கவிதாவாக நடித்தவர் சுஜாதா. தமிழில் அவருக்கு இதுதான் முதல் படம்.

கவிதாவின் தகப்பனார் குடும்பத்தை விட்டு எங்கோ போய்விட்டார். அண்ணன் மூர்த்திக்கு மனைவி உண்டு. பிள்ளைகள் உண்டு. குடியும் உண்டு. வேலைதான் இல்லை! தாய், விதவைத் தங்கை, கண் தெரியாத தம்பி... இத்தனை பேருக்கும் அவள் ஒருத்திதான் சோறு போடுகிறாள்.

அதற்கு முன்பு

குடும்பத்தைத் தாங்குவது அண்ணனின் கடமை. தங்கையின் கடமை அழுவது. தமிழ்ப் படங்களில் வெகு காலம் இதுதான் வழக்கம்.

1961-ல் வந்த "பாசமலர்" படத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். வேலை இழந்து நிற்கும் அண்ணன் சிவாஜிகணேசனுக்குத் தொழில் தொடங்கப் பணம் கொடுப்பது யார்? பொம்மை செய்து காசு சேர்த்து வைத்த தங்கை சாவித்திரிதான்! ஆனாலும் அண்ணன் முதலாளி ஆகிறார். தங்கை வீட்டோடு இருந்துவிடுகிறாள்.

கவிதா அப்படி அல்ல. சம்பாதிக்கிறாள், அதட்டியும் பேசுகிறாள். குடித்துவிட்டு வரும் அண்ணனை, அண்ணன் என்பதற்காக அவள் விட்டு வைப்பதில்லை. வீட்டில் உள்ளவர்களுக்கே அவளைக் கண்டால் பயம். வழக்கமாக இந்த அதிகாரம் தகப்பனாருக்கு உரியது. அதை ஒரு கன்னிப்பெண் கையில் எடுத்ததுதான் படத்தின் புதுமை.

கல்யாணம் என்ன ஆயிற்று?

கவிதாவை விரும்பிய திலக்கின் மனம் அவளுடைய விதவைத் தங்கையிடம் போய்விடுகிறது. கவிதா மனதுக்குள் குமுறுகிறாள். ஆனால் அந்தக் கல்யாணத்தை நடத்தி வைப்பவளும் அவள்தான். 1974-ல் விதவை மறுமணத்தை இவ்வளவு சாதாரணமாகக் காட்டியது சிறிய காரியம் அல்ல.

கடைசியில் அண்ணன் திருந்துகிறான். கவிதாவுக்கும் ஒரு மாப்பிள்ளை வருகிறார். அப்பாடா என்று மூச்சு விடும் நேரத்தில் அண்ணன் கொலை செய்யப்படுகிறான். குடும்பப் பொறுப்பு மீண்டும் அவள் தலையில்! வந்த மாப்பிள்ளையையும் இன்னொரு தங்கைக்கு விட்டுக் கொடுக்கிறாள்.

இங்கேதான் படம் கொஞ்சம் பின்வாங்கிவிட்டது. ஆண் சம்பாதித்தால் அவனுக்கு மனைவி, மக்கள் எல்லாம் உண்டு. பெண் சம்பாதித்தால் அவள் தியாகம் செய்தே தீர வேண்டுமா? வீட்டில் ஒருவராவது "இனி நாங்கள் பார்த்துக் கொள்கிறோம், நீ போ" என்று அவளிடம் சொல்லியிருக்கலாம்.

1976-ல் இந்தக் கதை "அந்துலேனி கதா" என்று தெலுங்குக்குப் போனது. அங்கே கதாநாயகி ஜெயப்பிரதா. குடிகார அண்ணன்? ரஜினிகாந்த்!

இரண்டு மொழியிலும் முடிவு ஒன்றுதான். மறுபடியும் காலை நேரம். கவிதா ஆபீசுக்குக் கிளம்புகிறாள்.