பிடிஎஃப் வந்துவிட்டது, பிழை எங்கே?

லண்டனில் வெளியாகும் ஆங்கில ஆய்வு நூல்களின் பதிப்புரிமைப் பக்கத்தைப் புரட்டினால், டைப்செட்டிங் செய்தது பாண்டிச்சேரி இன்டெக்ரா நிறுவனம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும். நெசவாளர் தெருக்கள் கொண்ட முத்தியால்பேட்டையிலிருந்தும் இந்த வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. கணிதச் சமன்பாடுகள் மண்டிய நூல் என்றால் இத்துறையில் கைகொடுப்பது லேடெக். கறுப்புத் திரையில் கட்டளை அடித்து இயக்கும் நிரல் அது.

அதன் அடித்தளமான டெக்கை 1978இல் உருவாக்கியவர் டொனால்ட் க்னூத். தன் பிழைகளையே பட்டியல் எழுதி, 1989இல் கட்டுரையாக வெளியிட்ட மனிதர். புதுப் பிழை கண்டுபிடித்தவருக்குத் தொடக்கத்தில் 2.56 டாலர் காசோலை அனுப்பினார். அவருடைய நிரல் பிழை சொல்லும் விதமும் அழகு. ஆச்சரியக்குறியோடு செய்தி, அடுத்து வரி எண், பிறகு இடறிய இடத்தில் இரண்டாக உடைத்த அந்த வரி. எல்லாம் லாக் கோப்பிலும் பதிவாகும்.

வம்பு, சத்தம் போடாத பிழைகளில்தான். படத்தின் எண்ணைச் சுட்டும்போது அதற்கு வைத்த பெயரைத் தவறாக அடித்தால் லேடெக் நிற்பதில்லை. எண் வரவேண்டிய இடத்தில் ‘??’ என்று அச்சிட்டு, லாகில் ஓர் எச்சரிக்கை எழுதி, 0 என்ற முடிவு எண்ணோடு வெளியேறும். கட்டளை உலகில் 0 என்றால் வெற்றி! அதை மட்டும் பார்க்கும் அடுத்த நிரல், கோப்பை அப்படியே மேலே அனுப்பிவிடும்.

தமிழுக்கு இன்னும் மோசம். தமிழ் இல்லாத எழுத்துருவைக் கொடுத்தால் எழுத்துகள் வெற்றுப் பெட்டியாகும், அல்லது காணாமலே போகும். அதுபற்றிய எச்சரிக்கை நெடுங்காலம் லாகுக்குள்ளேயே கிடந்தது. 2021இல்தான் லேடெக் அதைத் திரைக்குக் கொண்டுவந்தது. என்னைக் கேட்டால், எழுத்து தொலைவது எச்சரிக்கையே அல்ல, பிழை. ‘டிரேசிங்லாஸ்ட்கேர்ஸ்’ என்ற அமைப்பின் மதிப்பை 3 ஆக்கினால் நிரலும் அதை ஒப்புக்கொள்ளும்.

கட்டளை உலகில் பிழைச் செய்திக்குத் தனிப் பாதை பிறந்ததே டைப்செட்டிங்கால்தான். 1970களில் பெல் ஆய்வகத்தில் ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்துக்கு வேலை அனுப்பி, மருந்தில் கழுவி எடுத்துப் பார்த்தால், ‘கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்பதுபோன்ற செய்தி மட்டும் நேர்த்தியாகக் கோக்கப்பட்டிருக்கும். வெறுத்துப்போன யூனிக்ஸ் இயங்குதளக்காரர்கள் வெளியீட்டுக்கு 1, பிழைக்கு 2 என்று பாதையைப் பிரித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், டெக் இன்றும் பிழைகளை 1ஆம் பாதையிலேயே கொட்டுகிறது. 2ஐப் பிடித்துக் காத்திருந்தால் ஒன்றும் சிக்காது.

லேடெக்கில் ஆய்வேடு எழுதுகிறவர்கள், பிடிஎஃப் வந்த கையோடு வழிகாட்டிக்கு அனுப்பிவிட வேண்டாம். லாக் கோப்பில் ‘அண்டிஃபைண்டு’, ‘மிஸ்ஸிங் கேரக்டர்’ இரண்டையும் தேடிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.