திரை வரையும் முன்னே...

சாஃப்ட்வேர் என்றதும் நமக்கெல்லாம் கலர் கலரான பட்டன்கள்தான் ஞாபகத்துக்கு வரும். 1981-ல் ஜெராக்ஸ் கம்பெனி 'ஸ்டார்' கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தபோது, குமாஸ்தாவின் மேஜையில் இருக்கும் காகிதம், ஃபோல்டர் எல்லாவற்றையும் திரையில் படமாக வைத்தார்கள். 1991-ல் விஷுவல் பேசிக் வந்ததும், பட்டனை இழுத்துப் போட்டே ஃபார்ம் செய்வது சுலபமாகிவிட்டது. சுலபம் என்பதாலேயே நாம் முதலில் திரையை வரைய உட்கார்ந்து விடுகிறோம். அது தலைகீழ்.

முதல் வேலை அனாலிஸிஸ். அதாவது, அங்கே என்ன வேலை நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. ஒரு மளிகை மண்டியை எடுத்துக்கொள்வோம். சரக்கு வருகிறது, எடை போடுகிறார்கள், பில் போடுகிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம், தகவல் போகும் வழிக்கு அம்புக்குறி, பேரேட்டுக்கு இரண்டு இணைகோடு. இதுதான் டேட்டா ஃப்ளோ டயகிராம்.

அடுத்து, 1976-ல் பீட்டர் சென் எழுதிய கட்டுரை தந்த ஈ.ஆர். டயகிராம். ஒரு வியாபாரிக்குப் பல பில். ஒரு பில்லில் பல சரக்கு. ஆகவே பில்லுக்கு ஒரு டேபிள், அதிலுள்ள சரக்கு வரிகளுக்கு இன்னொரு டேபிள்.

என் அப்பா மண்டியில் மூட்டை தூக்குபவர். அங்கே கம்ப்யூட்டர் பில் வந்தபோது இறக்குகூலிக்குக் கட்டமே இல்லை. புரோகிராமில் பிழை இல்லீங்க. எழுத வந்தவர் முதலாளியைக் கேட்டார், கணக்குப்பிள்ளையைக் கேட்டார். கூலிச் சிட்டை எழுதும் மேஸ்திரியைக் கேட்கவில்லை. டயகிராமில் ஒரு அம்புக்குறி குறைந்தது. மூன்று வாரம் எங்கள் வீட்டுக்குச் சனிக்கிழமைக் கூலி பாதிதான் வந்தது.

திரை இதற்கெல்லாம் பிறகுதான். பழைய மெனு புரோகிராம் கேட்கிற வரிசையில்தான் நாம் பதில் சொல்ல வேண்டும். ஜன்னல் திரையில் வரிசை உபயோகிப்பவர் கையில். எடை போடாமலே 'சேமி' பட்டனை அழுத்தினால்? அதுவரை அந்தப் பட்டன் மங்கலாக, வேலை செய்யாமல் இருக்க வேண்டும். சிட்டையில் எழுதும் வரிசையிலேயே டேப் கீ நகர வேண்டும். கூட்ட நேரத்தில் மவுஸைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? கீபோர்டிலேயே பில் முடிய வேண்டும்.

கோடிங்குக்கு முன் திரையை வெள்ளைத்தாளில் வரைந்து, அதில் வேலை செய்யப் போகிறவரிடம் காட்டுங்கள். "இதுல கூலி எங்கப்பா?" என்று அவர் கேட்டால், அழித்து எழுத ஒரு ரப்பர் போதும்.